எண்பத்தேழில் ஒரு பங்கு

போன மாதம் நண்பன் ஒரு கூட்ஸ் பெட்டியின் படம் அனுப்பியிருந்தான். பதினான்கு சென்டிமீட்டர் நீளம். கூடவே ஒரு நீண்ட கடிதம். கடிதம் முழுக்கத் துருவைப் பற்றி. பெட்டியின் கதவு உருளும் கம்பிக்குக் கீழே துரு எப்படி வழியும், கூரையில் எப்படிப் படரும், இரண்டும் ஏன் ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்று நாலு பக்கம். படித்து முடித்துவிட்டு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று எழுதலாம். எழுதினால் அவனுக்குக் கோபம் வரும். அவன் கேட்டது அதுவல்ல.

இவன் ஒரு காலத்தில் கவிதை எழுதினான். 2016ல் கைக்காசைப் போட்டு ஒரு தொகுதி கொண்டுவந்தான். அதைப் பற்றி நான் ஒரு சிறுபத்திரிகையில் ஆறு பக்கம் எழுதினேன். அதற்குப் பின் அவன் கவிதை எழுதவில்லை. இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவதும் இதைத்தான். அதே வருஷக் கடைசியில் அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரத்துக்குப் பக்கத்தில், நிலவறையோடு கூடிய வீடு ஒன்று வாங்கினான். நிலவறை இருந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். ரயில் விடுவார்கள் என்றான். தமாஷ் என்று நினைத்தேன்.

தமாஷ் இல்லை. எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட ரயில். ஹெச்.ஓ. என்று இந்த அளவுக்குப் பெயர். ஆறடி மனிதன் இருபத்தொரு மில்லிமீட்டராகிவிடுவான். தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் நூற்றறுபதில் ஒரு பங்கு, அதற்கு என் என்று பெயர். இந்த அளவில் உலகம் முழுக்க எஞ்சினும் பெட்டியும் பெட்டிக்குள்ளே உட்காரும் பிரயாணியும் விற்கிறார்கள். வாங்கி ஓட்டுவது எளிது. அது குழந்தைகளுக்கு. இவர்கள் வாங்குவதோடு நிற்பதில்லை. வாங்கியதைப் பிரிக்கிறார்கள், இரண்டு பெட்டிகளை வெட்டி மூன்றாவதொன்றைச் செய்கிறார்கள், பிளாஸ்டிக் பளபளப்பை மறைத்து வர்ணமடிக்கிறார்கள். அடித்த வர்ணத்தின் மேல் முப்பது வருஷ வெயிலையும் மழையையும் எஞ்சின் கரியையும் ஏற்றுகிறார்கள். சிலர் எதையுமே வாங்காமல், தீக்குச்சியைவிட மெல்லிய மரச் சட்டங்களை வெட்டி, ஒவ்வொரு பலகையாக ஒட்டி, ஒரு கட்டடத்தை எழுப்ப எட்டு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் முதல் எண்ணம் இளக்காரம்தான். அதை மறைப்பதற்கில்லை. கவிதையைக் கைவிட்டவன் பொம்மைக்குப் போய்விட்டான் என்று இங்கே இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். சொன்னபோது ஒரு நிம்மதி இருந்தது. நான் எழுதிய ஆறு பக்கத்தில் அவனிடம் சிரத்தை இல்லை என்று சொல்லியிருந்தேன். பொம்மை அதை நிரூபித்துவிட்டது.

அங்கே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். யாராவது ஒருவருடைய நிலவறையில். இல்லையென்றால் மாதாகோயிலை ஒட்டிய கூடத்தில். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆண்கள். ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் லாரி ஓட்டியவர், இரண்டு மூன்று எஞ்சினியர்கள். ஒரு நீண்ட மேஜை. அந்த மாதம் என்ன செய்தார்களோ அதை அதன்மேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். முடிந்ததையும் வைக்கலாம், முடியாததையும் வைக்கலாம், கெட்டுப்போனதையும் வைக்கலாம். பிறகு பேச்சு. முதல் வார்த்தை அழகு என்பதுதான், மரியாதைக்காக. இரண்டாவது வார்த்தையிலிருந்து கேள்வி. அடியில் என்ன வர்ணம் கொடுத்தாய்? எத்தனை பங்கு கரைப்பான்? எத்தனை மணி நேரம் காயவிட்டாய்? இந்த ஜன்னலுக்கு மேலே கறை இருக்கிறதே, தண்ணீர் எங்கிருந்து வந்தது? அங்கே தாழ்வாரம் இல்லையே?

கடைசிக் கேள்வியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது. நம் கவிதைக் கூட்டங்களில் நான் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் வாசிப்பார். வாசித்ததும் ஒருவர் எழுந்து, இது நகர வாழ்வின் அந்நியமாதலைச் சொல்கிறது என்பார். இன்னொருவர் இல்லை, மொழியின் இயலாமையைச் சொல்கிறது என்பார். இரண்டு பேரும் முன்பே தயார் செய்துகொண்டு வந்த சண்டையைப் போடுவார்கள். கவிஞன் நடுவில் அச்சடித்த காகிதத்தை மடித்துக்கொண்டிருப்பான். நாலாவது வரியை ஏன் அங்கே உடைத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவன் கடிதங்களிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. கறுப்பு எஞ்சினுக்குக் கறுப்பு அடிக்கக் கூடாது. நிஜ எஞ்சினை நாம் தூரத்திலிருந்து, வெளிச்சத்துக்கும் தூசுக்கும் ஊடே பார்க்கிறோம். மாதிரியை இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஆனால் அது இருநூறு அடி தள்ளி இருப்பதாகக் கண் நம்ப வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்த சுத்தக் கறுப்பு அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். எஞ்சினின் உருவமே ஒரு ஓட்டைபோலத் தெரியும். எனவே கறுப்பில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பழுப்பு கலந்து அடிக்கிறார்கள். உண்மையான நிறத்தை அப்படியே அடித்தால் பொய்யாகிவிடும். யதார்த்தவாதம் பற்றி நம்முடைய பத்திரிகைகளில் எத்தனையோ பக்கம் வந்திருக்கிறது. இவ்வளவு ஸ்தூலமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இன்னொன்று, மரச்சுவர். ஐம்பது பலகை உள்ள சுவரை ஒரே நிறத்தில் அடித்துவிட்டு அதன் மேல் அழுக்கை ஏற்றினால் அது அழுக்கான பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு பலகைக்கும் கொஞ்சம் வேறு நிறம் கொடுக்க வேண்டும். ஆனால் வேறுபாடு தெரியும்படி கொடுத்தால் சதுரங்கப் பலகையாகிவிடும். எனக்கு இது உடனே புரிந்தது. கவுண்டரில் கையெழுத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு மனிதனுடைய கையெழுத்து இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. பதிவில் இருப்பதற்கும் செக்கில் இருப்பதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் தொகையைக் கொடுத்துவிடுவோம். அச்சு அசலாக இருந்தால்தான் செக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றும்.

இவர்களுக்கு 1935லிருந்து ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது. சங்கம் மதிப்பெண்ணும் போடுகிறது. ஒரு பெட்டியையோ எஞ்சினையோ கொண்டுபோனால் மொத்தம் 125 மதிப்பெண். கட்டுமானத்துக்கு 40, நுணுக்கங்களுக்கு 20, அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு 25, வர்ணத்துக்கும் எழுத்துக்கும் 25, கடைச் சாமான் இல்லாமல் கையால் செய்ததற்கு 15. 87½ எடுத்தால் தகுதி. இப்படிப் பதினொரு துறைகள். ஏழில் தேறினால் மாஸ்டர் என்ற பட்டம். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாமும் ஆரம்பிக்கலாம் என்று அவனுக்கு எழுதினேன். படிமத்துக்கு 40, ஓசைக்கு 20, கவிஞன் ஏழையாக இருந்தால் 15.

அவன் பதில் சுருக்கமாக இருந்தது. 'அந்த 125ல எங்கயும் நான் யாருங்கிறதுக்கு மார்க் இல்லடா. உன் ஆறு பக்கத்துல பாதி அதுதான்.'

அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்க்கத் தைரியம் வர இரண்டு வாரம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கலையில் (கலை என்ற வார்த்தையை இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன்) இரண்டு பெரிய பாதைகள் இருக்கின்றன. ஒன்று, இருந்ததை இருந்தபடி செய்வது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் என்றொரு மியூசியம். அதைத் தொடங்கிய ராய் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிலிருந்து 1925ல் வந்தவர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் ஓலைக்கூரைக் குடிசைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருப்பதைப் பார்த்தார். தடுக்கும் சக்தி அவருக்கு இல்லை. அளந்து, படமெடுத்து, எழுபத்தாறில் ஒரு பங்காக அட்டையில் செய்து வைக்க ஆரம்பித்தார். 1954லிருந்து அது மியூசியம். அவர் 1995ல் இறந்தார்; வேலை நிற்கவில்லை. இன்றும் தன்னார்வலர்கள் 1920, 30களின் அந்தப் பள்ளத்தாக்கை வீடு வீடாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நிஜமாக ஓரிடத்தில் நின்ற ஒரு வீட்டை அளந்து அதைச் செய்வதுதான் அங்கே முறை.

மற்றப் பாதை, இல்லாததைச் செய்வது. கலிஃபோர்னியாவில் மாண்டெரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். தம்முடைய ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை எழுத்தில் பார்த்தால் கோர், டாஃபெடிட் என்ற இரண்டு ஊர்ப் பெயர்கள். வாய்விட்டுச் சொன்னால் 'ரத்தக்களரி, தோல்வி' என்று பொருள்படும். அப்படி ஒரு ரயில்வே பூமியில் எங்கும் ஓடியதில்லை. தரையிலிருந்து கூரை வரை மலைகள். அறை முடிகிற இடத்தில் கண்ணாடிகளை மறைத்து வைத்து ஊரை நீட்டியிருந்தார். ஷண்டிங் எஞ்சினுக்குப் பதிலாக ஒரு இடத்தில் டைனோசர் ஒன்று பெட்டிகளை இழுத்தது. மற்றவர்கள் எஞ்சினைப் புதுப் பாத்திரம்போலத் துடைத்து வைத்திருந்த நாளில், அழுக்கும் துருவும் ஏற்றியவர்களில் அவர் முன்னோடி. 1973 ஜனவரி 6ந் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து, ஏறக்குறைய இருபது வருஷ வேலையில் பெரும் பகுதி எரிந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது அவர் எடுத்த படங்கள்தான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பின்வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இரண்டு பேரில் யார் பக்கம் நான் என்று யோசித்தேன். இலக்கியத்தில் என்றால் தயங்காமல் ஆலன் பக்கம் என்பேன். நகலெடுப்பது படைப்பல்ல என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் பெண்டனின் குடிசைப் படங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே அளவை நாடா ஒருவித துக்கமாக வேலை செய்கிறது. அதோடு, ஆலனுடைய மலையும் மாயாஜாலம் அல்ல. அவருடைய மரப்பாலத்தில் சுமை எந்தக் கட்டையில் இறங்கி எந்தக் கட்டைக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிறான் நண்பன். கற்பனை செய்கிறவனுக்கு அளவு இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும், நகல் எடுக்கிறவனைத் திருத்த அசல் இருக்கிறது, இவனைத் திருத்த ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். இதை நான் எழுதியிருக்க வேண்டும்.

டேட்டனிலேயே வாழ்ந்தவர் ஆலன் மெக்லெல்லண்ட். வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ என்ற, நிஜத்தில் இல்லாத நிலக்கரி ரயில்வேயைத் தம் நிலவறையில் நடத்தினார். அவர் சொன்ன இரண்டு விஷயங்களை இவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஒன்று, நிலவறைக்கு அப்பால் என்பது. ஹெச்.ஓ. அளவில் ஒரு மைல் என்பது அறுபது அடி. எந்த வீட்டிலும் ஐந்து மைல் இருக்க முடியாது. எனவே தூரம் எப்போதும் பொய். ஆனால் வண்டி சுவருக்குள் மறையும்போது, அது வேறெங்கோ போகிறது, அங்கே யாரோ நிலக்கரிக்குக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவன் உணர வேண்டும். மற்றது, போதுமான அளவு நன்றாக என்பது. ஒரு கட்டடத்தை மட்டும் பிரமாதமாகச் செய்து மற்றதை விட்டுவிட்டால் அந்த ஒரு கட்டடமே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எல்லாம் ஒரே தரத்தில் நிற்க வேண்டும். ஒரே ஒரு பிரமாதமான வரியால் கெட்டுப்போன தமிழ்க் கவிதைகளை என்னால் பட்டியலிட முடியும். பட்டியலிட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியைப் பாராட்டித்தான் பட்டியலிட்டேன்.

எனக்கு இதில் ஆட்சேபமும் உண்டு. மசாசூசெட்ஸில் பீபடி என்ற ஊரில் ஜார்ஜ் செலியோஸ் என்பவர் அமைத்த ஒரு மாதிரி நகரத்தின் படங்களை நண்பன் அனுப்பினான். 1930களின் பொருளாதார மந்தம். சுவரெல்லாம் உதிர்ந்த விளம்பரம், சந்தெல்லாம் குப்பை, மாடிக்கு மாடி துணிக்கொடி, ஒவ்வொரு செங்கலிலும் புகை. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அதுதான் என் ஆட்சேபம். வேலையற்ற மனிதர்கள் நின்ற தெருவை எண்பத்தேழில் ஒரு பங்காக்கியதும் அது அழகாகிவிடுகிறது. இருபத்தொரு மில்லிமீட்டர் மனிதனுக்குப் பசி கிடையாது. துருவை இத்தனை விசுவாசத்தோடு செய்கிறவர்கள், அந்தத் தண்டவாளத்தை இட்டவனின் கூலியைப் பற்றி மேஜையைச் சுற்றி நின்று எப்போதாவது பேசுவார்களா? இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

'பேசமாட்டாங்க. லாரி ஓட்டினவர் மட்டும் எப்பவாவது பேசுவார். ஆனா உன் கவிஞர்கள் சேரியைப் பாத்து எழுதினது மட்டும் என்னவாம்? அதுல நாத்தம் அடிக்குதா?' என்று பதில் வந்தது.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கவும் இல்லை. சுருக்குவது என்றாலே ஏதோ ஒன்றை வெளியே விடுவதுதான். எதை வெளியே விட்டோம் என்கிற பிரக்ஞை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பிரக்ஞை அங்கே சில இடங்களில் இருக்கிறது, பல இடங்களில் இல்லை. இங்கேயும் அப்படித்தான்.

போன வருஷம் மேஜையில் அவன் வைத்தது ஒரு கெட்டுப்போன பெட்டி. முதலில் பழுப்புச் சிவப்பு அடித்தான். அதன் மேல் பளபளப்பை அடக்கும் மங்கல் வார்னிஷ். அது காய்ந்ததும் பலகை இடுக்குகளில் நிழல் நிற்க, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் கலந்து பூசினான். வரிசை தவறிவிட்டது. அந்த வார்னிஷின் மேல் ஆல்கஹால் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். காலையில் பார்த்தால் பெட்டி முழுக்கச் சாம்பல் பூசினாற்போல. பூசணம் பிடித்த கருவாடுபோல இருந்தது என்று எழுதினான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து, வரிசை தவறியதைச் சொன்னான். பல் வைத்தியர் பெட்டியைக் கையில் எடுத்து ஜன்னலோரம் போய் ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு, இது தெற்குப் பக்கம், வெயில் அடிக்கிற பக்கம், இந்த ஒரு பக்கத்தை இப்படியே விட்டுவிடு, மறுபக்கத்தில் மட்டும் இன்னொரு தடவை வார்னிஷ் அடி, வெள்ளை மறைந்துவிடும் என்றாராம். செய்தான். அந்தப் பெட்டி இப்போது ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் நிறத்தோடு, வருஷக்கணக்காக ஒரே திசையைப் பார்த்து ஷெட்டில் நின்ற பெட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன்.

அவன் தொகுதியில் ஒரு ஸ்டேஷனைப் பற்றி ஒரு கவிதை உண்டு. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஸ்டேஷன். திருவாரூர்-காரைக்குடி மீட்டர் கேஜ் பாதையில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்று. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வண்டி வரும். மற்ற நேரமெல்லாம் ஆடு மேயும். ஓட்டுக் கட்டடம், பூவரச மரம், மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு. காலேஜ் நாளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எங்கள் இலக்கியமெல்லாம் நடந்தது. அவன் கவிதையில் அந்த ஸ்டேஷன் பிரிவுக்கும் காத்திருப்புக்கும் குறியீடாக வந்தது. இந்தக் கவிதையில் வருவது எந்த ஸ்டேஷனாகவும் இருக்கலாம், இதில் எந்த வண்டியும் நிற்காது என்று நான் எழுதியிருந்தேன். இப்போதும் அது சரியென்றே நினைக்கிறேன். அந்தக் கவிதை மோசம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு பக்கம், இப்படிப்பட்ட மனசு எப்படி உருவாகிறது, இந்தத் தலைமுறையின் சோம்பல் என்ன, தன் அனுபவத்தைப் பார்க்கவே சுரணையில்லாமல் போவது எதனால் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவன் சொன்னது சரி. பாதி அவனைப் பற்றித்தான். கவிதையைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோகவே இல்லை.

ஒன்று மட்டும் என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தைச் செய்கிறாயே, நம் ஸ்டேஷனை ஏன் செய்யவில்லை? மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது என்று நீதானே சொன்னாய்?

'செய்யணும்னு வந்த முதல் வருஷமே உட்கார்ந்தேன். பேப்பர்ல பெஞ்சை வரையலாம்னு பாத்தா உயரம் தெரியல. அகலம் தெரியல. சாயற பலகை இருந்துச்சா இல்லையான்னே சந்தேகம். அஞ்சு வருஷம் உட்கார்ந்த பெஞ்சுடா. அப்பத்தான் நீ எழுதினது சரின்னு தெரிஞ்சுது. ஞாபகத்தை வெச்சுக்கிட்டுக் கவிதை எழுதிடலாம். பெஞ்சு செய்ய முடியாது.'

நீ எழுதினது சரி. இதைவிட என்னைக் கூனிக்குறுக வைக்கும் வாக்கியத்தை அவன் எழுதியிருக்க முடியாது.

பதில் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தச்சனிடம் ஒரு டேப் கடன் வாங்கிக்கொண்டேன். அந்தப் பாதை 2012ல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2019ல்தான் முழுதும் திறந்தது. அதற்குப் பின் நான் அங்கே போகவில்லை. பழைய ஓட்டுக் கட்டடம் இல்லை. அது நின்ற இடத்தைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எது அந்த இடம் என்று தெரியவில்லை. பிளாட்பாரம் உயர்ந்திருந்தது. புதிய கட்டடம், புதிய பெயர்ப்பலகை. பூவரச மரம் இருந்தது. மரத்தை வைத்துத்தான் பெஞ்சைக் கண்டுபிடித்தேன். பிளாட்பாரத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், பாதை போட்டபோது கொட்டிய மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. சாய்ந்துகொள்ளப் பலகை எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை என்று கல்லைத் தடவிப் பார்த்தால் தெரிந்தது.

அளந்தேன். நீளம் 5 அடி 2 அங்குலம். அகலம் 1 அடி 4½ அங்குலம். கல்லின் கனம் 5 அங்குலம். இடது மூலை உடைந்திருந்தது; உடைப்பு 3 அங்குலம், பழைய உடைப்பு, விளிம்பு மழுங்கிவிட்டது. மேல்பக்கம் நடுவில் வழவழப்பு, ஓரங்களில் சொரசொரப்பு. மரத்தின் பக்கம் பாசி, தண்டவாளத்தின் பக்கம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் கிட்டே வந்து, 'எடுத்துட்டுப் போப்போறீயளா தம்பி?' என்று கேட்டார். இல்லை, அளவு மட்டும்தான் என்றேன். சர்வே ஆபீஸா என்றார். பாங்க் என்றேன். இனி இந்த மண்ணுக்குக் கடன் கொடுப்பார்களா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது அளவுகளைச் சுத்தமாக ஒரு தாளில் எடுத்தெழுதினேன். உயரம் என்ற இடத்தில், தெரியவில்லை, மண் மேடிட்டிருக்கிறது, வெளியே தெரிவது 9 அங்குலம் என்று குறித்தேன். எங்கே பாசி, எங்கே வழவழப்பு என்று படம் போட்டுக் காட்டினேன். ஆறு பக்கம் எழுதியபோது இந்த அக்கறை என்னிடம் இல்லை என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று நினைத்தேன். சேர்க்கவில்லை. அளவுகள் உள்ள தாளில் அது எதற்கு?

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பெஞ்சைப் பற்றி ஒரு பாராட்டும் இல்லை, பழைய கதை எதுவும் இல்லை. மூன்று கேள்விகள். உடைந்த மூலை, மரத்தைப் பார்த்து உட்கார்ந்தால் இடதா, தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் இடதா? வழவழப்பு ஒரே இடத்தில் இருக்கிறதா, இரண்டு பேர் உட்கார்கிற மாதிரி இரண்டு இடத்தில் இருக்கிறதா? மூன்றாவது: 'மண்ணைத் தோண்டிப் பாத்தியா?'

தோண்டவில்லை. தோன்றவே இல்லை. வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். தச்சனிடம் டேப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு மண்வெட்டி கேட்டிருக்கிறேன்.